ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

தென்காசி,
9 ஜூன் 2025

முத்துகுமரனுக்கு,

அன்புள்ள என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். கை கூசியது. அடித்துவிட்டு வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கூடப்பிறந்தவனுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலைமை எனக்கு. போனை நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். நேரில் வந்ததற்கு, "இனிமே என் கடைப் படி ஏறாத" என்று வேலையாட்கள் முன்னால் சொல்லிவிட்டாய். அதனால்தான் சரக்கு வேன் ஓட்டும் செல்லச்சாமி அண்ணாச்சியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவரை நீ விரட்ட முடியாது. சரக்கு வேண்டுமே.

அன்றைக்குக் கோபத்தில் நான் பாதி, நீ பாதி என்று கத்தினோம். இப்போது நிதானமாகச் சொல்கிறேன். உன் கடையில் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில் எடுத்தேன். ரேக்கில் நீயே ஒட்டிய சீட்டு, 'நம்ம விலை' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பில்லில் வந்தது அதைவிட அதிகம். கல்லாவில் இருந்த பெண் புதுசு, நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. கேட்டால், "இது சீசன் ரேட்டுக்கா. வேணும்னா எடுங்க, இல்லன்னா வச்சிட்டுப் போங்க" என்கிறாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுத்தவன் நீ.

ரேக்கில் ஒரு விலையைக் காட்டி ஆளை உள்ளே இழுத்து, பில்லில் இன்னொரு விலை வாங்குவதற்கு நுகர்வோர் சட்டத்தில் இடம் கிடையாது. உன் அத்தானும் இதையே சொல்கிறார். புகார் என்று ஒன்று போனால் உன் கடையோடு நிற்காது. இரண்டு கடைக்கும் போர்டில் அப்பா பெயர். 'சிவசைலம் ஸ்டோர்'. லைசென்ஸில் நம் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

இரண்டு காரியம் செய். சீட்டில் உள்ள விலையை மட்டும் வாங்கு. பில் போடுகிற ஸ்கிரீன் உன் ஆளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி திரும்பியிருக்கிறது, அதை வாங்க வருகிறவர் பக்கம் திருப்பு. முடியாது என்றால் கடையைப் பிரித்துக்கொள்வோம். இந்தத் தடவை நான் சும்மா சொல்லவில்லை.

குழல்வாய்மொழி


குற்றாலம்,
11 ஜூன்

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செல்லச்சாமி அண்ணாச்சி அதைப் பருப்பு மூட்டைக்கு மேலே வைத்துக் கொண்டுவந்து, "கலெக்டர் ஆபீஸ் தபால் மாதிரி இருக்கு தம்பி" என்று கொடுத்தார். படித்தேன். அப்படித்தான் இருந்தது.

நீ தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். பன்னிரண்டு மாதமும் உனக்கு ஆள் வரும். எனக்குச் சாரல் விழுந்தால்தான் சோறு. மற்ற மாதமெல்லாம் இந்த ரோட்டில் குரங்கும் நானும்தான். அதுவும் குரங்கு காசு கொடுத்து வாங்குவதில்லை. சீசன் வந்தால் கட்டடக்காரர் வாடகையை ஏற்றுகிறார், வேலையாள் சம்பளத்தை ஏற்றுகிறான், லாட்ஜ், ஆட்டோ, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் எல்லோரும் ஏற்றுகிறார்கள். நான் மட்டும் ஏற்றினால் அக்காவுக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிடுகிறது.

எம்.ஆர்.பி.க்கு மேலே ஒரு பைசா வாங்கியது கிடையாது. மற்ற நாளில் எம்.ஆர்.பி.யில் குறைத்துக் கொடுக்கிறேன், சீசனில் குறைப்பதில்லை. அவ்வளவுதானே? சீட்டை மாற்றவில்லை என்பாய். இங்கே அடிக்கிற ஈரத்துக்குச் சீட்டு ரேக்கில் நிற்பதே பெரிய விஷயம். காலையில் ஒட்டினால் சாயங்காலம் தரையில் கிடக்கிறது. ஆயிரம் சாமானுக்கு எவன் உட்கார்ந்து மாற்றி ஒட்டுவது? நீ இந்த வருஷம் இரண்டு கடைக்கும் சேர்த்து வாங்கிப் போட்ட சாஃப்ட்வேரில் சீசன் ரேட்டுக்கு ஒரு பட்டன் இருக்கிறது. ஜூன் ஒன்றாம் தேதி அழுத்தினேன், ஆகஸ்ட் முடிந்ததும் எடுத்துவிடுவேன். வேலை சுளுவு.

இங்கே வருகிறவனைப் பார்த்திருக்கிறாயா? தலையிலிருந்து எண்ணெய் வடிய, இடுப்பில் ஈரத்துண்டோடு வருகிறான். சோப்பு, ஷாம்பு, சிப்ஸ் என்று கையில் அகப்பட்டதை அள்ளுகிறான். பில்லை ஈரக்கையால் வாங்கிக் கசக்கி வாசலில் போட்டுவிட்டு அருவியைப் பார்த்து ஓடுகிறான். ஸ்கிரீனை யார் பக்கம் திருப்பினாலும் அவன் பார்க்கப்போவதில்லை.

ஊருக்கு உபதேசம் செய்கிறாயே, உன் கடையில் ஸ்கிரீன் யாரைப் பார்த்து இருக்கிறது? கல்லாவில் இருக்கிற மாடத்தியைப் பார்த்துத்தானே? முதலில் நீ திருப்பு. அப்புறம் எனக்குச் சொல்லு.

பிரிப்பது உன் இஷ்டம்.

முத்துகுமரன்


தென்காசி,
14 ஜூன்

முத்துகுமரனுக்கு,

திருப்புகிறேன். திருநெல்வேலிக்குச் சொல்லி வாடிக்கையாளர் பக்கம் வைக்கத் தனி ஸ்கிரீன் ஆர்டர் போட்டாகிவிட்டது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவளுக்கு இதில் என்ன பயம்?

நீ வைத்திருக்கிற சீசன் ரேட்டால் என் கடைக்கு எவ்வளவு கெட்ட பெயர் என்று உனக்குத் தெரியாது. கடையநல்லூர் ஹைருன் பீவியை ஞாபகம் இருக்கும். துபாய், சவூதி போகிறவர்கள் கையில் கொடுத்துவிட அச்சுமுறுக்கும் அதிரசமும் ஆர்டருக்குச் செய்கிறவர். எண்ணெய், மாவு, சீனி எல்லாம் மொத்தமாக நம்மிடம்தான் வாங்குவார். நேற்று சாயங்காலம் கடை நிறையக் கூட்டம். பில்லை வைத்துக்கொண்டு, "சீட்டுல ஒரு வெல, இதுல ஒரு வெல போட்டிருக்கீங்களே" என்று சத்தம் போட்டார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அது குத்தாலத்துக் கடையில. இங்கன அந்தப் பழக்கம் கெடையாது. பக்கத்துச் சீட்டப் பாத்திருப்பீங்க, மொதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்று சொல்லிவிட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் எடுத்த சாமானை எல்லாம் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போனால் போகட்டும். நீ அங்கே செய்கிற காரியத்துக்கு என்னை இங்கே சந்தேகப்படுகிறார்கள். அந்த ஆத்திரத்தில்தான் வக்கீலிடம் போய்க் கடையைப் பிரிக்கிற பத்திரத்தை எழுதச் சொன்னேன். இதோடு வைத்திருக்கிறேன். தென்காசி எனக்கு, குற்றாலம் உனக்கு. கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ போட்டதும் நான் போடுகிறேன்.

குழல்வாய்மொழி


குற்றாலம்,
16 ஜூன்

அக்கா,

கையெழுத்துப் போட்டாயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

பேனாவை எடுக்கிறவரைக்கும் நீ விளையாட்டுக்குத்தான் அனுப்பியிருப்பாய் என்று நினைத்தேன். உள்ளே 'இனிமேல் ஒருவர் கடைக்கு மற்றவர் எவ்விதத்திலும் பொறுப்பல்ல' என்று ஒரு வரி. அதை நீ வக்கீலிடம் உன் வாயால் சொல்லி எழுதச் சொன்னாயா, அவராகப் போட்டாரா? தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கேட்கத் தோன்றியது.

இங்கே அருவியில் தண்ணீர் கூடுதலாகி, குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். ஆட்கள் வேனுக்குள் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருக்கிறார்கள். வியாபாரம் நன்றாக இருக்கிறது. மனசு நன்றாக இல்லை.

முத்துகுமரன்


தென்காசி,
20 ஜூன்

தம்பி,

இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குத் தெரியப்படுத்தாதே.

இன்று காலையில் புது ஸ்கிரீனை மாட்டினோம். மாடத்தி சாமந்திப்பூ வாங்கிவந்து அதன் தலையில் வைத்தாள். முதலில் வந்தவர் அஞ்சலகத்தில் வேலை பார்க்கிற அனுசியா. பாசிப்பருப்பும் எண்ணெயும் எடுத்தார். மாடத்தி ஸ்கேன் செய்ததும் ஸ்கிரீனைப் பார்த்து, "ஏக்கா, எண்ண வெல கூடிருச்சா? ரேக்குல பழைய வெலயில்லா இருக்கு?" என்றார்.

மாட்டினவனுக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்தேன். நானே ஒரு சோப்பை ஸ்கேன் செய்தேன். எம்.ஆர்.பி. வந்தது. டீத்தூள், எம்.ஆர்.பி. ரேக் ரேக்காக நடந்து கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து போட்டேன். ஒன்றில்கூட நம் சீட்டு விலை வரவில்லை. அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால், அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொல்கிறார். "மேடம், நீங்க ஒரே கடைக்குன்னுதான வாங்குனீங்க. ரெண்டு எடத்துக்கும் வெலப்பட்டியல் ஒண்ணுதான். அங்கன பட்டன அமுக்குனா இங்கனயும் மாறிரும்லா."

உனக்குப் புரிகிறதா? நீ குற்றாலத்தில் ஜூன் ஒன்றாம் தேதி பட்டனை அழுத்தியதிலிருந்து தென்காசியிலும் சீசன் ரேட்டுதான் ஓடியிருக்கிறது. அருவிக்கு வந்த வெளியூர்க்காரனுக்காவது சீசன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இங்கே வாங்கியதெல்லாம் நம் தெருக்காரர்கள். என்னை நம்பி பில்லைப் பார்க்காமலே மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவர்கள். ஸ்கிரீன் மாடத்தியைப் பார்த்து இருந்தது. மாடத்தி சாமானைப் பார்த்தாள், நான் கல்லாவைப் பார்த்தேன். விலையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒருவர் பார்த்தார். அவரைத்தான் கண்ணாடியை மாற்றச் சொன்னேன்.

ஹைருன் பீவி புகார் கொடுத்துவிட்டார். ரேக்கில் இருந்த சீட்டை அன்றைக்கே போனில் படம் பிடித்திருக்கிறார், பில்லையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். எடையளவு ஆய்வாளர் அடுத்த வாரக் கடைசியில் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தால் என் முகம் முன்னால் வந்து நிற்கிறது. என்னைத் திட்டிக்கொள்ளலாம் என்றால் உன் பட்டன் வந்து நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

அக்கா


குற்றாலம்,
22 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்தேன். பொய் சொல்லமாட்டேன். அரிசி மூட்டையில் நீ உட்கார்ந்த இடம் வரைக்கும் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

முதலில் பட்டனை எடுத்துவிட்டேன். இரண்டு கடையிலும் இப்போது சீட்டு விலைதான், மாடத்தியிடம் சொல்லி ஒருமுறை பார்த்துக்கொள். இது உன் கடையிலும் ஓடும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. குற்றாலத்தோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்படிச் சொல்லும்போதே எனக்கு உறைக்கிறது. உன் தெருக்காரர்களிடம் வாங்கினால் தப்பு, என் கடைக்கு வருகிறவனிடம் வாங்கினால் சரி என்று எந்த ஊர் நியாயம்?

நேற்று பைக்கை எடுத்துக்கொண்டு கடையநல்லூர் போனேன். மழையில் நனைந்துபோய் நின்ற என்னைப் பார்த்து ஹைருன் பீவி முதலில் துண்டைத் தந்தார். அப்புறம்தான் திட்டினார். முற்றம் முழுக்க அச்சுமுறுக்கு டப்பா. நடந்ததையெல்லாம் சொன்னேன். பட்டனை அழுத்தியது நான், அக்காவுக்குத் தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிருக்கணும் தம்பி. பாத்துச் சொல்லுதேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? எனக்குக் கண்ணு தெரியலன்னு ஒங்கக்கா சொன்னா. அத்தன பேரும் சிரிச்சாங்க. நீங்க இங்கன வந்து எங்க வீட்டு முத்தத்துல வச்சி மெதுவா சொன்னா அது சரியாப் போயிருமா? எங்க வச்சு சொன்னாளோ அங்கன வச்சுல்லா சொல்லணும்."

இந்த மாதம் அதற்கு முன்னால் வாங்கிய சாமானுக்கு வித்தியாசத் தொகையைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "எனக்கு மட்டும் குடுத்தா என் வாய அடைச்ச மாதிரி. வாங்குன எல்லாருக்கும் குடுங்க" என்றார்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

கிளம்பும்போது ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார். கோபமாக இருக்கிறவர்கள் கொடுக்கிற முறுக்கு கூட நன்றாகத்தான் இருக்கிறது. அக்கா, நீ அவரைக் கூப்பிட்டுக் கவுண்டரில் வைத்துச் சொல்லிவிடு. உனக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில்கூட நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. விசாரணை நாளில் நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன். படி ஏறலாமா என்று மட்டும் சொல்.

முத்துகுமரன்


தென்காசி,
25 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. பதறாதே. முழுக்கப் படி.

உன் கடிதம் வந்த அன்றைக்கே வாசலில் போர்டு வைத்தேன். 'ஜூன் முதல் தேதியிலிருந்து எங்கள் பில்லில் விலை தவறாகக் கூடுதலாக வந்துவிட்டது. வாங்கியவர்கள் வந்து வித்தியாசத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று. வைக்கும்போது துணியில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர், "பில்ல யாரு தாயி வச்சிருக்கா, அடுத்த தடவ சரியா போடு" என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் பழைய பில்களைக் கத்தையாகக் கொண்டுவந்தார். அதில் பாதி வேறு கடையுடையது. மாடத்தி சிரித்துச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஹைருன் பீவிக்கு நானே போன் செய்தேன். நேற்று சாயங்காலம் வந்தார். கூட்டமான நேரமாகப் பார்த்துத்தான் வந்தார். நான் கல்லாவை விட்டு எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. வெலய நான் பாக்கல. ஒங்க கண்ணுல ஒரு கொறையும் இல்ல, என் வாயிலதான் கொற. மன்னிச்சிருங்க" என்றேன். அவர் பையைக் கவுண்டரில் வைத்தார். "சரி, எண்ணப் பெட்டிய எடுத்துப் போடச் சொல்லு. நான் இங்கன நின்னு ஸ்கிரீனப் பாத்துக்கிடுதேன்" என்றார். அவ்வளவுதான். மாடத்தி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய, அவர் ஒவ்வொரு விலையையும் சத்தமாகப் படித்தார். கடையே நின்று கேட்டது. எனக்கு ஏனோ அப்படி ஒரு நிம்மதி.

அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆய்வாளர் உள்ளே வந்தார். சொன்ன நாளுக்கு முன்னாலேயே, சொல்லாமல். உன்னைக் கூப்பிட நேரமில்லை.

ரேக்கைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், போர்டைப் படித்தார். ஹைருன் பீவியிடம் விசாரித்தார். "தப்பு நடந்தது உண்ம. இப்ப சரி பண்ணிட்டாங்க, அதயும் எழுதிக்கிடுங்க" என்றார் அவர். விலை எப்படி மாறியது என்று கேட்டதற்கு நடந்ததை அப்படியே சொன்னேன். கடைசியில் ஆய்வாளர் என்னிடம் கேட்டார். "லைசென்ஸில் இரண்டு பெயர் இருக்கிறது. விலையை மாற்றியது குற்றாலத்துக் கடை. இரண்டும் தனித்தனி நிர்வாகம் என்றால் உங்கள் கடைமேல் எதுவும் இல்லை. நடவடிக்கை அந்தக் கடைமேல் மட்டும்தான் போகும். தனித்தனியா, ஒன்றா?"

நீ ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பத்திரம் மேசை டிராயரில்தான் இருந்தது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஒருவர் கடைக்கு மற்றவர் பொறுப்பல்ல என்கிற வரி, நீ கேட்டாயே, அது வக்கீல் போட்டதில்லை. நான் சொல்லித்தான் எழுதினார்.

நான் யோசிக்கக்கூட இல்லை தம்பி. "ஒரே கடதான் சார். நானும் என் தம்பியும். எது வந்தாலும் ரெண்டு பேருக்கும்தான்" என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் என்னவோ எழுதினார். கடைசியில், தானாகவே திருத்திக்கொண்டதாலும் புகார் கொடுத்தவரே சொன்னதாலும், இந்த முறை எச்சரிக்கையோடு விடுவதாகச் சொன்னார். இன்னொரு தடவை நடந்தால் இரண்டு கடைக்கும் சேர்த்து நடவடிக்கை வரும். உன் கடையையும் பார்க்க வருவார். ஸ்கிரீனைத் திருப்பிவிடு.

பத்திரத்தைக் கிழித்துவிட்டேன். வக்கீலுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அதில் பாதி உன் பங்கு.

அக்கா


குற்றாலம்,
26 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்கிரீனை நேற்றே திருப்பிவிட்டேன். ரேக்கில் சீட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை மாட்டியிருக்கிறேன். ஈரத்துக்கு விழாது. கட்டடக்காரரிடம் போய்ச் சீசன் வாடகையைப் பற்றியும் பேசினேன். குறைக்கவில்லை. ஆனால் ஏற்றியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். பிழைத்துக்கொள்வேன்.

நான் சொன்னது தப்பு. ஈரத்துண்டோடு வருகிறவனும் ஸ்கிரீனைப் பார்க்கிறான். நின்று, எண்ணெயைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறான். ஒரு சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பி வைக்கிறான். ஒருத்தர் இரண்டு சோப்பு எடுக்க வந்து, விலையைப் பார்த்து நாலு எடுத்துப் போனார். நானும் இத்தனை சீசனாக, பில்லைக் கொடுத்ததும் தலையைக் குனிந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், இப்போது முகத்தைப் பார்த்துப் பில் கொடுக்கிறேன். இவ்வளவு நாள் நெஞ்சில் என்னவோ அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. எடுத்த பிறகுதான் தெரிகிறது.

உன் கடிதத்தை இன்று மதியம் செல்லச்சாமி அண்ணாச்சி கொண்டுவந்தார். நல்ல கூட்டம். கல்லாவில் உட்கார்ந்துகொண்டேதான் பிரித்தேன். 'ஒரே கடதான் சார்' என்று நீ சொன்ன இடம் வந்ததும் எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. குனிந்துகொள்ளலாம் என்றால் முன்னால் வரிசையில் ஆட்கள்.

மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், தலையெல்லாம் எண்ணெய், கையில் எடுத்த சாமானோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார், ரேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சீசன்ல வெலய ஏத்த முடியலன்னா அழுகுறீங்க?" என்றார்.

ஆமாம் என்று சொல்லி, பில்லை அவர் கையில் கொடுத்தேன்.

உன் தம்பி
முத்துகுமரன்